நாலு மூடி மழை

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, செய்தியில் ஏதோ ஓர் ஊரில் 72 மில்லிமீட்டர் மழை பெய்ததாகச் சொன்னார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பென்சில் டப்பாவிலிருந்து ஸ்கேலை எடுத்து, 72-இல் நகத்தை வைத்து என்னிடம் நீட்டினான்.

"அப்பச்சி, இத்தனூண்டு மழைக்கா ஸ்கூல் லீவு விட்டாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தண்ணீரை லிட்டரில் அளக்கிறோம், மழையை மட்டும் ஏன் துணி அளக்கிற மாதிரி அளக்கிறார்கள் என்று நானும் அதுவரை யோசித்ததில்லை. பெய்த மழை எங்கும் ஓடாமல், மண்ணில் இறங்காமல், வெயிலில் வற்றாமல் பெய்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுதான் அந்த மில்லிமீட்டர் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினான். புரிந்து ஆட்டிய மாதிரி தெரியவில்லை.

மறுநாள் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்து தரையைக் காட்டினேன். எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் பத்து அங்குலம். நாலுக்கு நாலு என்று 16 கல்லைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். அந்தக் கட்டத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால் 72 மில்லிமீட்டருக்கு 72 லிட்டர். குளிக்கிற வாளி 18 லிட்டர் பிடிக்கும், ஆக நாலு வாளி. "இந்த 16 கல்லுக்கு நாலு வாளி. அப்ப இந்த வளவுக்கு? தெருவுக்கு? ஊரணிக்கு?" என்றதும் பயல் வாயைப் பிளந்தான். நான்காவது படிக்கும் மகள் உடனே கட்டம் கட்டமாக எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே தொடங்கியதுதான். இப்போது ஒரு வருடம் ஓடிவிட்டது. செய்து பார்த்தவற்றில் பாதி சொதப்பல். இதைப் படித்துவிட்டுச் செய்ய நினைப்பவர்களுக்கு அந்தச் சொதப்பல்கள்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் சொதப்பல் மழைமானி. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் கழுத்தை வெட்டி, வெட்டிய பாகத்தையே புனல் மாதிரி தலைகீழாகச் செருகி, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டுவது. எல்லாருக்கும் தெரிந்த முறை. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகிற இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் குறித்துக்கொண்டோம். பாட்டில் சாயாமல் இருக்கவும் அந்தக் கல் உதவியது. அதுவரை எல்லாம் சரி. அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் தப்பு. வானம் பார்த்த முற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வேறெங்கே வைப்பது என்று முற்றத்தின் ஓரத்தில் வைத்தோம்.

காலையில் பாட்டில் நிரம்பி வழிந்திருந்தது. 180 மில்லிமீட்டருக்கு மேல்! வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டாலே கனமழை, 115.6-க்கு மேல் மிக கனமழை. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டில் மிக கனமழை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்கள். எனக்குத்தான் இடித்தது. அவ்வளவு பெய்திருந்தால் ஊரணி ஒரு படியாவது ஏறியிருக்க வேண்டும். வாசலில் சைக்கிள் தடம்கூட அழியவில்லை.

செட்டிநாட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போனதை என்னவென்று சொல்வது. நாலு பக்கத்து ஓட்டுச் சாய்வும் முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறது. ஓட்டில் விழுகிற மழையை உள்ளே கொண்டுவந்து அண்டாவில் பிடிக்கத்தானே அப்படிக் கட்டினார்கள். சாய்வு தரையில் ஆறு மீட்டர் அகலத்தை மூடி நிற்கிறது என்றால், தாழ்வாரத்தின் ஒவ்வொரு மீட்டர் விளிம்பிலும் 1 மில்லிமீட்டர் மழைக்கு 6 லிட்டர் கொட்டும். எங்கள் பாட்டில் அளந்தது வானத்தை அல்ல, கூரையை.

அப்புறம் தோட்டத்துக்கு மாற்றினோம். விதி எளிது: பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். பார்க்கும் நேரம் காலை 8.30. நாடு முழுக்க வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் கணக்கு முடிப்பது அந்த நேரத்தில்தான். பள்ளிக்கூட வேன் 8.20-க்கு வருவதால் எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் 8.10-க்கே முடிந்துவிடும்.

சிறு தூறலுக்குப் பாட்டில் சரிப்படவில்லை. 2 மில்லிமீட்டரா 3 மில்லிமீட்டரா என்று இரண்டும் சண்டை போடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாத்திரக் கடைக்கு ஸ்கேலோடு போய், வாய் 11.3 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் புனலைத் தேடி வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த அகலத்துக்கு வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10 மில்லி தண்ணீர் சேரும். 10 மில்லி என்பது இருமல் மருந்தோடு வருகிற மூடியில் ஒரு மூடி. புனலை எந்தப் பாட்டிலில் வேண்டுமானாலும் செருகலாம், அதன் வடிவம் பற்றிக் கவலையில்லை. காலையில் பாட்டிலைக் கவிழ்த்து மூடி மூடியாக அளந்தால் போதும். பெருக்கலும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். ஒரு மூடி என்றால் 1 மில்லிமீட்டர். பாதி மூடி என்றால் அரை. எங்கள் வீட்டில் இப்போது மழையின் அளவே மூடிதான். "நேத்து நாலு மூடி" என்று மகன் பள்ளிக்கூடத்தில் சொல்லி, மிஸ் ஒன்றும் புரியாமல் எனக்குப் போன் செய்தார்.

இந்தக் கூத்தையெல்லாம் என் ஆத்தா, பிள்ளைகளுக்கு அப்பத்தா, பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே கணக்குதான். வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டைத் தாண்டி, கிணற்றடியில் பழைய ஆட்டுரல் ஒன்று கிடக்கிறது. மழை விட்டதும் அதன் குழியில் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பார்வை. "பாதிக் குழி நெறஞ்சிருக்கு, நல்ல மழைதான்." அவ்வளவுதான்.

மகளுக்கு இது போட்டியாகிவிட்டது. அப்பத்தாவின் குழியும் தன் மூடியும் ஏன் ஒத்துப்போவதில்லை? 10 மூடி பெய்த அன்று குழியில் பாதி இருந்தால், 20 மூடிக்கு முழுக்குழி நிரம்ப வேண்டுமே, நிரம்பவில்லை. அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மூடியால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குழியில் ஈர்க்குச்சியால் உயரம் பார்த்தார்கள். அடியில் குறுகலாக இருக்கும்போது நாலைந்து மூடிக்கே மளமளவென்று ஏறுகிறது. மேலே அகலமானதும் எத்தனை ஊற்றினாலும் அசைய மாட்டேன் என்கிறது. மழைமானியின் சுவர் ஏன் நேராக இருக்க வேண்டும் என்று நான் வாயால் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் மறந்திருப்பார்கள். ஆட்டுரல் சொன்னது மறக்கவில்லை.

மழை இல்லாத மாதங்களில் செய்ய மிக எளிது, செம்பு வேர்ப்பது. பித்தளைச் செம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெளியே முத்து முத்தாக நீர் கோக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "செம்பு ஒழுகுது" என்றுதான் சொல்லும். இல்லை, காற்றிலிருந்து வந்தது என்று நாமே சொல்லிவிடக் கூடாது. உள்ளே ஒரு கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கிவிட்டு, வெளியே கோத்த நீரை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொன்னேன். துணியில் மஞ்சள் இல்லை. மகன் அதோடு விடாமல் நக்கியும் பார்த்தான். "மஞ்சள் வாசனையே இல்ல!" அவனளவில் அது இறுதித் தீர்ப்பு.

அடுத்த படி கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. சாதாரணத் தண்ணீரில் ஆரம்பித்து, ஐஸ் துண்டை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கி, வெளிப்பக்கம் முதன்முதலாக மங்குகிற நொடியில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். அதுதான் பனிநிலை. எங்களுக்கு ஆவணியில் ஒருநாள் 23 டிகிரியில் மங்கியது. காற்றில் ஈரம் கூடினால் சீக்கிரமே, அதாவது அதிக டிகிரியிலேயே மங்கும். வறண்ட நாளில் ஐஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கைச்சூட்டில் கணக்குக் கெட்டுவிடும், மூச்சுவிட்டாலும் கெடும். பாதரச வெப்பமானி வேண்டவே வேண்டாம், எங்கள் கையிலிருந்து இதுவரை இரண்டு விழுந்து உடைந்தாயிற்று. சிவப்புச் சாராய வெப்பமானி என்பதால் பிழைத்தோம்.

மூன்றாவதாக ஒன்று வாங்கியபோது சேர்த்து இரண்டாக வாங்கி, ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்து, இரண்டையும் முகப்புத் தூணில் நிழலில் தொங்கவிட்டோம். சித்திரை மதியம் ஒன்று 36, ஈரத்துணி 26. மழைநாளில் 27-ம் 26-ம். பானைத் தண்ணீர் சித்திரையில் ஜில்லென்று இருந்து, ஐப்பசியில் ஏன் சும்மா கிடக்கிறது என்பதற்கு இதைவிட நேரான பதில் இல்லை. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை.

மேகம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி ஜாடியில் வெந்நீர், மேலே தட்டில் ஐஸ், நடுவே கொஞ்சம் ஊதுபத்திப் புகை. உள்ளே மேகம் சுருண்டு சுருண்டு வரும். பார்க்க அழகுதான். ஆனால் பார்ப்பது மேகமா புகையா என்று யாரும் கேட்பதில்லை. என் மகள் கேட்டாள். அதனால் மூன்று ஜாடி வைத்தோம். ஒன்றில் வெந்நீரும் ஐஸும் மட்டும். ஒன்றில் புகை மட்டும், கீழே பச்சைத் தண்ணீர். மூன்றாவதில் எல்லாம். முதல் ஜாடியில் கண்ணாடிதான் வேர்த்தது, நடுவில் ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு லேசு. இரண்டாவதில் மெல்லிய புகை சீக்கிரம் படிந்துவிட்டது. மூன்றாவதில்தான் திரண்டு நின்றது. நீராவி துளியாகத் திரள ஒட்டிக்கொள்ள ஏதாவது துகள் வேண்டும், வானத்தில் அது தூசியாகவும் கடல் உப்பாகவும் புகையாகவும் இருக்கிறது. ஒரே ஜாடியோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் வித்தை காட்டுவதாக முடிந்திருக்கும். வெந்நீரையும் தீக்குச்சியையும் நீங்களே கையாளுங்கள். கொதிநீரை நேராக ஊற்றினால் ஜாடி விரிசல் விட்டுவிடும், முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசிக்கொள்ள வேண்டும்.

பலூன் பாரமானியைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல மாட்டேன். பாட்டில் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஸ்ட்ராவை ஒட்டி, பின்னால் அட்டையில் கோடு போடுவது. வெளியே காற்றழுத்தம் கூடினால் பலூன் உள்வாங்கி ஸ்ட்ராவின் நுனி ஏறும், குறைந்தால் இறங்கும், இறங்கினால் மழை புயல் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாரமானிப்படி வைகாசி முழுக்கத் தினமும் மதியம் புயல். மகன் தினமும் ஓடிவந்து "அப்பச்சி, புயல்!" என்பான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்.

காரணம் சூடு. அடைத்து வைத்த காற்று 1 டிகிரி சூடேறினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 3.4 மில்லிபார் கூடும். நம் பக்கம் சாதாரண நாளில் வெளிக்காற்றின் அழுத்தமே காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய் மாலை 4 மணி வாக்கில் தாழ்கிறது, ராத்திரியும் அதே மாதிரி இன்னொரு முறை. அந்த ஏற்ற இறக்கம் மொத்தமே மூன்று நாலு மில்லிபார்தான். ஆகவே அறையில் ஒரு டிகிரி மாறினாலே பலூன் அதை அழுத்தம் என்று நம்பிவிடும். உள்கட்டுச் சுவர் கனமானது, பகலில் சூடு அதிகம் மாறாது என்று இரண்டாங்கட்டு அறைக்கு மாற்றிப் பார்த்தோம். கொஞ்சம் அடங்கியது. பத்து நாளில் பலூன் தளர்ந்துபோனது. சில கைப்பேசிகளிலேயே காற்றழுத்த உணரி இருக்கிறது. என் மனைவியின் போனில் இருந்தது. மணிக்கொருதரம் அதைப் பார்த்து மகள் வரைந்த கோட்டில் அந்த 10 மணி மேடும் 4 மணிப் பள்ளமும் தெளிவாக வந்தன. பலூனை விட்டுவிட்டோம்.

ஒழுங்கான கருவி செய்வது லேசு இல்லை என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வானிலை விஞ்ஞானி அன்னா மணி அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். நாடு விடுதலையான பிறகு புனே வானிலைத் துறையில் இருந்துகொண்டு, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய, சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் போட்டு முறைப்படுத்தியவர். "அவங்களும் பலூன்லதான் ஆரம்பிச்சாங்களா?" என்றான் மகன்.

காற்றுக்கு ஆடியைவிட நல்ல மாதம் கிடையாது. பனையோலைக் காற்றாடி செய்ய ஆத்தாவுக்கே தெரியும், எனக்கு வேலையில்லை. திசைகாட்டி மட்டும் அட்டையில் செய்தோம். அம்பின் வால் அகலமாகவும் தலை சின்னதாகவும் இருந்தால் தலை காற்று வரும் பக்கம் திரும்பும். காற்றுக்குப் பெயர் அது வருகிற திசையை வைத்துத்தான். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இதையும் முற்றத்தில் வைக்காதீர்கள், அங்கே காற்று சுழன்றடித்து அம்பு பம்பரம் ஆடும். மொட்டைமாடிதான் இடம், ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். முற்றத்துக்கு வேறு வேலை உண்டு. காற்றே இல்லாத மதியத்தில் ஒரு சாம்பிராணித் துண்டைப் புகையவிட்டு அங்கே வைத்தால், சூடான காற்று முற்றத்து வழியாக மேலே போவதும், அந்த இடத்தை நிரப்ப முகப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே வருவதும் புகையிலேயே தெரியும்.

செம்மண் ஒரு கிண்ணம், தண்ணீர் ஒரு கிண்ணம், வெயிலில் ஒரு மணி நேரம். மண் சுடும், தண்ணீர் அவ்வளவாகச் சுடாது. சாயங்காலம் கடல்காற்று ஏன் வருகிறது என்பதற்கு இது போதும்.

இடி மின்னலில் பரிசோதனை என்று ஒன்றே ஒன்றுதான் செய்கிறோம், எண்ணுவது. மின்னல் தெரிந்ததும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று இடி கேட்கும்வரை எண்ண வேண்டும். ஒலி 3 நொடியில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வரும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெளியே யாருக்கும் வேலையில்லை. முற்றமும் வெளிதான், பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழாயையும் தொடக் கூடாது. புனல் எடுக்க மறந்துவிட்டோம், மழைமானி விழுந்துவிட்டது என்று யார் கத்தினாலும் காலையில்தான்.

ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். தேதி, மூடி, காற்று, வானம். கடைசிக் கட்டம் ஆத்தாவுக்கு. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாது மழை" என்பார்கள் அல்லவா, அது தப்புகிறதா என்று பார்க்க மகள் போட்ட கட்டம். தட்டான் தாழப் பறந்த நாளில் ஒரு புள்ளி, அன்றோ மறுநாளோ மழை வந்தால் வட்டம். இதுவரை 14 புள்ளி, 6 வட்டம். தட்டான் தாழப் பறக்காமலே மழை வந்த நாள்களையும் எழுத வேண்டும் என்று அவளுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தோன்றியது, அதனால் முதலிலிருந்து எண்ணுகிறாள். ஆத்தாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

எல்லா நாளும் எழுதுகிறோம் என்று நினைக்க வேண்டாம். பங்குனியில் 20 நாள் வெறும் தாள். மழையில்லாத காலத்தில் தினமும் சுழியம் எழுத எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும். அதட்டிப் பார்த்தேன், வேலைக்காகவில்லை. விட்டுவிட்டேன், முதல் கோடை மழைக்கு அவர்களே நோட்டைத் தேடினார்கள்.

போன வாரம் இந்த வருடத்து ஐப்பசி மழை தொடங்கியது. விடிகாலையில் பாட்டிலைக் கவிழ்த்து மகன் எண்ணினான், 22 மூடி. மகள் எழுதினாள். ஆத்தா ஆட்டுரலைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு உழவு மழை" என்றார்கள்.

"உழவுன்னா எத்தன மூடி அப்பத்தா?"

"மூடி என்ன மூடி. ஏர் ஓடுற ஆழத்துக்கு மண்ணு நனைஞ்சா ஒரு உழவு. நோண்டிப் பாரு."

மகன் கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினான். ஈர மண் கறுஞ்சிவப்பாக வந்தது. ஓர் ஆழத்துக்குக் கீழே திடீரென்று வெளிறி, பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தக் கோட்டில் கையை வைத்து அளந்தான். அவன் சாணுக்கு ஒரு சாண். மகள் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள், வாசலில் வேன் ஹாரன் அடித்தது.